தூங்குகிற பியூனும் மேஸ்திரியின் தடியும்

"நாட்டில் இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியா எழுதப் போகிறீர்கள் தோழர்?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். ஆமாம், எழுதத்தான் போகிறேன். சினிமாவைப் பற்றி எழுதினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் சொல்லப்போகிற கதை 1994-இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அடிமை, முகாம், பிறப்பு, பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைநிலை ஊழியரும் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004 நவம்பரில் வந்த இணைய விளையாட்டு. மாதச் சந்தா கட்டி, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் ஒரே கற்பனை உலகத்துக்குள் நடமாடுவார்கள். உள்ளே நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, உன் பிறப்பு என்ன என்பதுதான். மனிதனா, குள்ளனா, எல்ஃபா, ஓர்க்கா, ட்ரோலா? பிறப்புக்குத் தகுந்த உடல்வாகு, பிறப்போடு ஒட்டி வருகிற திறமைகள் எல்லாம் உண்டு. பிறப்பைத் தேர்ந்தெடுக்கவாவது விடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் எல்லாப் பிறப்புக்கும் எல்லாத் தொழிலும் கிடையாது. 2004-இல் ஓர்க் மந்திரவாதி ஆக முடியாது. 2010-இல்தான் அந்தக் கதவு திறந்தது. ஓர்க் பூசாரி ஆவதற்கோ 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970-இல் சட்டம் கொண்டுவந்துவிட்டு அதை எத்தனை பத்தாண்டுகள் இழுத்தடித்தார்கள் என்று பார்த்தவர்கள் நாம். பதினெட்டு ஆண்டு நமக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஓர்க் யார்? டோல்கீன் கதைகளில் வருகிற கோர உருவங்கள். அங்கிருந்து 1974-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டுக்குப் போனார்கள். பிறகு 1994-இல் வந்த முதல் வார்கிராஃப்டில் பச்சைத் தோலோடு மனிதர்களின் நாட்டுக்குள் படையெடுத்து வருகிற கூட்டமாக வந்தார்கள். ஏன் கெட்டவர்கள் என்று கேட்கக் கூடாது. பிறப்பே அப்படி. இந்த வாக்கியத்தை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கதையை நீண்ட காலம் சொல்ல வேண்டுமென்றால் 'பிறப்பே அப்படி' என்பது போதாது. இரண்டு மூன்று விளையாட்டுகளுக்குள் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும். அதனால் கதை எழுதுகிறவர்கள் பின்னோக்கிப் போனார்கள். ஓர்க்குகளுக்குச் சொந்த நிலம் இருந்தது, குலங்கள் இருந்தன, மூதாதையர் வழிபாடு இருந்தது என்று எழுதினார்கள். தோல்கூடப் பழுப்புதான், பச்சை நிறம் பேய் மாந்திரீகத்தால் வந்தது. இரண்டாம் போரில் தோற்ற பிறகு மனிதர்கள் அவர்களை முகாம்களில் அடைத்தார்கள். முகாமில் அவர்கள் சோர்ந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காவலர்கள் 'சோம்பேறி ஜென்மங்கள்' என்றார்கள். அந்தச் சோர்வுக்கும் கதை காரணம் சொன்னது: இரத்தத்தில் ஏற்றப்பட்டிருந்த பேய் வெறி இறங்கியதால் வந்த சோர்வு. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் சோர்ந்து கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்க முடியும் என்று இந்தக் கதைக்குத் தெரியும்.

அந்த முகாம்களை உடைக்கிறவன் த்ரால். பெயருக்கே பொருள் அடிமை. வட ஐரோப்பியப் பழஞ்சொல். பெற்றோர் கொலை செய்யப்பட்ட பச்சைக் குழந்தையை பிளாக்மோர் என்ற மனிதப் பிரபு எடுத்துவந்து, சண்டைக்காட்சி அடிமையாக வளர்க்கிறான். வேலைக்காரர் மகள் டரேதா புத்தகங்களுக்குள் கடிதம் ஒளித்து அனுப்புகிறாள். எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை தப்பிக்கிறான், முகாம்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறான், மக்களைக் கடல் கடந்து கூட்டிப்போகிறான். வறண்ட செம்மண் பூமி ஒன்றுக்குத் தன் தந்தையின் பெயரால் டுரோட்டார் என்று பெயரிடுகிறான். இது முதலில் தனி விளையாட்டாக வரவிருந்து 1998-இல் கைவிடப்பட்டது. 2001-இல் கிறிஸ்டி கோல்டன் நாவலாக எழுதினார். பெற்றோர் அவனுக்கு வைக்க நினைத்த பெயர் கோஎல் என்று பின்னாளில் தெரியவருகிறது. சில காலம் அந்தப் பெயரில் இருந்தான். இப்போது கதை அவனை மறுபடி த்ரால் என்றே கூப்பிடுகிறது. ஆண்டை வைத்த பெயரை வைத்துக்கொள்வதா, உதறுவதா? இதற்கு நம் வீடுகளிலும் ஒரே பதில் கிடையாது.

2007-இல் வந்த தொடர்ச்சியில் ஒரு பகுதி உண்டு. ஐந்து பேர் சேர்ந்து கடந்த காலத்துக்குள் போக வேண்டும். த்ரால் தப்பித்த அந்த நாளை அழித்து வரலாற்றை மாற்ற ஒரு கூட்டம் முயல்கிறது. நாம் போய் முகாமின் கொட்டடிகளுக்குத் தீ வைத்துக் காவலர்களைத் திசைதிருப்பி, த்ராலைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதாவது விடுதலை நடந்ததா இல்லையா என்பதே நம் கையில். தீ வைக்கும் இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. கொட்டடி, தீ என்றால் நமக்குக் கீழ்வெண்மணிதானே. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். கூட வந்த நால்வரும் "என்ன தாமதம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் இதற்குள் வந்தது 2016-இல். உண்மை அறியும் குழு ஒன்றோடு போய்த் திரும்பும் வழியில் வண்டி சறுக்கி, கால் முறிந்து நான்கு மாதம் படுக்கை. தங்கை மகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். யோசிக்காமல் ஓர்க்கைத் தேர்ந்தெடுத்தேன். விடுதலையான மக்களின் நாடு, செம்மண், பனை மாதிரி மரங்கள். நம்மூர் என்றே தோன்றியது.

அங்கே கொடுத்த முதல் வேலைகளில் ஒன்றின் பெயர் 'சோம்பேறிப் பியான்கள்'.

நம் ஆபீஸ்களில் பியூன் என்கிறோமே, அதே சொல். போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அமெரிக்காவில் பியான் ஆகவும் இங்கே பியூன் ஆகவும் நின்றது. ஓர்க்குகளின் நாட்டில் மரம் வெட்டுவது, கல் சுமப்பது, சுவர் எழுப்புவது எல்லாம் பியான்கள். அவர்களும் ஓர்க்குகள்தான். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மேஸ்திரி உங்கள் கையில் ஒரு தடியைக் கொடுத்து, போய் அடித்து எழுப்பு என்பார். அடித்தால் அலறியெழுந்து முனகிக்கொண்டே மரம் வெட்டப் போவார்கள். நாலைந்து பேரை எழுப்பினால் உங்களுக்கு அனுபவப் புள்ளி ஏறும். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார்கள். 2019-இல் பழைய விளையாட்டை 'கிளாசிக்' என்று அப்படியே மறுபடி வெளியிட்டபோது தடியும் கூடவே வந்தது.

என் அப்பா தாலுகா அலுவலகம் ஒன்றில் பியூன். இப்போது 'அலுவலக உதவியாளர்' என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அப்போது கடைநிலை ஊழியர். பழைய தமிழ்ப் படங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்து தூங்குகிற பியூன் வருவாரே, கொட்டகையில் எல்லோரும் சிரிக்கும்போது அப்பாவும் சிரிப்பார். அவரும் மதியத்தில் ஸ்டூலில் தூங்கியிருக்கிறார். காலையில் நாலு மணிக்கு எழுந்து, ஊர்க்காரர் ஒருவரின் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதிகாரி வருவதற்குள் அறையைக் கூட்டி, பானையில் தண்ணீர் நிரப்பி வைத்தவர் மதியம் தூங்காமல் என்ன செய்வார்? உள்ளிருந்து மணி அடிக்கும். எழுவார். முகாமில் கிடந்த ஓர்க்குகளின் சோர்வுக்குக் காரணம் தேடிக் கண்டுபிடித்த கதை, மரத்தடியில் கிடக்கிற பியானின் தூக்கத்துக்கு மட்டும் காரணம் தேடவே இல்லை. அது நகைச்சுவைக் காட்சி.

அடிமைகள் விடுதலையாகி ஒரு நாடு கட்டுகிறார்கள். அந்த நாட்டிலும் கடைசிப் படி ஒன்று வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்றதை வகுப்பெடுத்து விளக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். இந்தத் தடி அதைவிட வேகமாக விளக்கிவிடுகிறது.

அதன் பிறகு வந்த கதைகளைப் பற்றி எனக்குக் கசப்பு உண்டு. சந்தாவில் ஓடுகிற கதைக்கு முடிவு கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய போர் வேண்டும், புதிய கொடியவன் வேண்டும். த்ராலுக்குப் பின் தலைவனான காரோஷ், ஓர்க்குகளே உயர்ந்தவர்கள், கூட இருக்கிற மற்றவர்கள் கீழ் என்கிறான். ட்ரோல்கள் வோல்ஜின் தலைமையில் கலகம் செய்கிறார்கள். 2013-இல் விளையாடுகிறவர்களே தங்கள் தலைநகருக்குள் படையோடு புகுந்து தங்கள் தலைவனை இறக்கினார்கள். நல்ல கதைதான். ஒடுக்கப்பட்டவனிடமும் ஆதிக்க வெறி முளைக்கும் என்று சொல்கிற துணிச்சல் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கலகத்திலும் பியான்களுக்கு வரலாறு கிடைக்கவில்லை.

கம்பெனி எழுதுகிற கதை ஒன்று. விளையாடுகிறவர்கள் எழுதுகிற கதை வேறொன்று. இதற்கென்றே ரோல்பிளே சர்வர்கள் இருக்கின்றன. அங்கே சண்டை போடுவதைவிட உட்கார்ந்து பேசுவது அதிகம். உங்கள் கதாபாத்திரமாகவே தட்டச்சு செய்ய வேண்டும். சொந்த விஷயம் பேச வேண்டுமானால் இரட்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வாரம் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஆண்டுக்கணக்கில் ஒரே கதை நகரும். திருமணம் நடக்கும், பஞ்சாயத்து நடக்கும், சாவு விழும். நான் சேர்ந்தது ஐரோப்பிய சர்வர் ஒன்றில் ஓர்க்குகளின் கில்ட். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை.

எல்லோரும் வீரர்கள், பூசாரிகள், வேட்டைக்காரர்கள். நான் பியானாக வந்தேன். பெயர் குப்பான். என் தாத்தாவின் பெயர் குப்பன். ஐரோப்பியர்களுக்கு அது அசல் ஓர்க் பெயர் மாதிரியே ஒலித்தது. ஒருவர் "பெயர் அருமை, எப்படிப் பிடித்தாய்?" என்று அடைப்புக்குறிக்குள் கேட்டார். "குடும்பப் பெயர்" என்றேன்.

இந்த உலகத்தில் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் உடம்புக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதக் கூடாது. 'ஓங்கினேன்' என்று எழுதலாம். அடி விழுந்ததா, வலித்ததா, அவன் விழுந்தானா என்பதை அவன்தான் எழுத வேண்டும். முடிவாகவில்லையென்றால் பகடை உருட்டலாம். எழுதப்படாத இந்தச் சட்டத்தை மீறுகிறவர்களோடு யாரும் விளையாட மாட்டார்கள். மேஸ்திரியின் தடி கதையில் பியானுக்கு இந்த உரிமை இல்லை. அடித்தால் அவன் எழுந்தே ஆக வேண்டும், நிரலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ரோல்பிளேயில் குப்பானை அடிக்கலாம். எழுவதா வேண்டாமா என்பது குப்பான் கையில்.

மூன்று ஆண்டுகள் குப்பான் மரம் வெட்டினான், அடுப்பு மூட்டினான், போருக்குப் போனவர்கள் திரும்பி வராதபோது குழி தோண்டினான். கில்டின் சாவுகளெல்லாம் அவனுக்கு நினைவிருந்தன. பழைய ஆட்களின் கதையைப் புதியவர்கள் அவனிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்கிறவர்களுக்கு நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் கதையைச் சொல்வேன். தசைச் சிதைவு நோயோடு பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014-இல் 25 வயதில் இறந்தவர். மகன் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்றே பெற்றோர் நினைத்தார்கள். வார்கிராஃப்டின் ரோல்பிளே கில்ட் ஒன்றில் இபெலின் என்ற பெயரில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்ததும், எத்தனையோ பேரின் துயரத்தில் கூட நின்றதும் சாவுக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இறுதிச் சடங்குக்கு வேறு நாடுகளிலிருந்து கில்டின் ஆட்கள் வந்தார்கள். 2024-இல் ஆவணப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்து அழுதேன். கூடவே ஒரு பொறாமையும் இருந்தது. உடம்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக முடிந்தது அவருக்கு. சாதி அப்படி வாசலில் நிற்கிற பொருளா?

எங்கள் கில்டில் நான்காம் ஆண்டு ஓர் இந்தியர் சேர்ந்தார். நல்ல எழுத்துக்காரர். அவருடையது பெரிய குலத்து வீரன் பாத்திரம். ஒருநாள் குரல் அரட்டையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ப்ரோ, சவுத்தா? எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "முழுப் பெயர் என்ன?" சொன்னேன். "அப்பா பெயர்? அவர் என்ன செய்தார்?" அதையும் சொன்னேன். சின்ன இடைவெளி. "ஓ. அதான் பியான் ரோல் உனக்கு இயல்பாக வருகிறது."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது பாராட்டு.

அடுத்த வாரத்திலிருந்து அவருடைய வீரன், குப்பான் மூட்டிய நெருப்பின் அருகே உட்காரவில்லை. குப்பான் கொண்டுவந்த இறைச்சியைத் தொடவில்லை. "என் பாத்திரம் பெரிய குலத்தவன், பியானோடு உட்கார மாட்டான்" என்றார். ஐரோப்பியர்கள் ரசித்தார்கள். எவ்வளவு ஆழமாகப் பாத்திரத்துக்குள் போகிறார் என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த வீரன் எந்த ஊர்க்காரன் என்று. கில்ட் தலைவி இரவுப்பணி செவிலியர், நல்ல மனுஷி. அவரிடம் சொன்னேன். "கதைக்குள் நடப்பது கதைக்குள்தானே?" என்றார். சாதியை அடைப்புக்குறிக்குள் விளக்குவது எவ்வளவு கடினம் என்று அன்று விடியற்காலை மூன்று மணிக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து, ரேஸர் ஹில் பக்கத்தில் விருந்துக் காட்சி. குப்பான் மரத்தடியில் படுத்திருந்தான். அந்த வீரன் வந்து, தடியால் அடிக்கிறான், பியான் பதறி எழுந்து ஓடுகிறான் என்று ஒரே வரியில் எழுதினார். தலைவி உடனே குறுக்கிட்டார்: அவனுக்காக நீ எழுத முடியாது. சாதி புரியாதவருக்குச் சட்டம் புரிந்தது. திரையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

'குப்பான் கண்ணைத் திறந்து பார்த்தான். எழவில்லை' என்று எழுதினேன்.

அவ்வளவுதான். விறகு வரவில்லை, நெருப்பு மூளவில்லை, விருந்து நடக்கவில்லை. மறுநாள் நான் உள்ளே வந்தபோது குப்பானுக்குப் பக்கத்தில் மூன்று புதிய பியான்கள் உட்கார்ந்திருந்தார்கள். கில்டில் இருந்த மூன்று பேர் தங்கள் வீரர்களை ஓரமாக வைத்துவிட்டு, முதல் நிலையில் புதுப் பாத்திரம் உண்டாக்கி வந்திருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. வேலைநிறுத்தம் மூன்று வாரம் நடந்தது. தலைமைப் பூசாரியாக விளையாடியவர் தானே மரம் வெட்டப் போனதை மூன்று பக்கத்துக்கு எழுதினார். கையில் கொப்புளம் வந்ததற்கு மட்டும் அரைப் பக்கம். பியான்களும் சபையில் உட்காரலாம் என்று முடிவானது. அந்த இந்தியர் ஒன்றும் சொல்லாமல் கில்டிலிருந்து போய்விட்டார். அவர் மனம் மாறியிருக்கும் என்ற கற்பனையெல்லாம் எனக்கு இல்லை. வேறொரு கில்டில் வேறொரு பெரிய குலத்தில் இருப்பார்.

தலைவிக்கு 'சாதியை அழித்தொழித்தல்' ஆங்கில மூலத்தை அனுப்பினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள், "உன் அப்பாவின் அலுவலகத்தில் அந்த மணியை யார் அடிப்பார்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று எழுதினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் அந்தத் தொடக்கப் பள்ளத்தாக்குக்குப் போய், தூங்குகிற பியான்களுக்கு அருகில் உட்காருவோம். பெரிய காட்சி ஒன்றும் இல்லை, பழங்கதை பேசுவோம். போன மாதம் முதல் நிலையில் இருந்த புதியவர் ஒருவர் மேஸ்திரி கொடுத்த தடியோடு ஓடி வந்தார். தூங்கிய இருவரை அடித்து எழுப்பிவிட்டு, எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் போல. குப்பானை மறுபடி மறுபடி அடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அரட்டையில் எழுதினார்: "தவறான இலக்கு என்றே வருகிறது. நீங்கள் ஆட்களா?"

"ஆமாம்" என்றேன்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"உட்கார்ந்திருக்கிறோம்."

அவரும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.